பெல்ட் 201 என்கிறது, விரல் 108 என்கிறது

கேள்வி:

எனக்கு 46 வயது. ஈரோட்டில் பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாகக் காலையில் வ.உ.சி. பூங்காப் பக்கம் நடக்கிறேன். நான்கு மாதமாக மெதுவாக ஓடவும் செய்கிறேன். தை மாதத்துக்குள் 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓட வேண்டும் என்று ஆசை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், கையில் கட்டும் வாட்ச் சரியாகக் காட்டாது என்று சொல்லி, நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் பெல்ட் ஒன்றை வாங்கி அனுப்பினான். அன்றிலிருந்துதான் குழப்பம். கிளம்பிய ஐந்தாவது நிமிடம், வெறும் நடையிலேயே, 190, 201 என்று காட்டுகிறது. ஆப் முழுக்கச் சிவந்துவிடுகிறது. அதே நேரத்தில் வாட்ச் 110 என்கிறது. கால் மணி நேரம் கழித்து ஓடும்போது எல்லாம் தலைகீழ்: பெல்ட் 138, வாட்ச் 166. எதை நம்புவது? மயக்கம், நெஞ்சுவலி எதுவும் இல்லை. போன வருடம் எடுத்த இ.சி.ஜி., எக்கோ இரண்டும் நார்மல். காலையில் எழுந்ததும் பல்ஸ் 72. பெல்ட் உராய்ந்து தோல் சிவந்துவிடுவதால் உள்ளே கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டுதான் கட்டுகிறேன். என் கணவரும் (54) ஒருநாள் இதைக் கட்டிக்கொண்டு ஓடினார். மூச்சு வாங்க ஓடியும் 112-ஐத் தாண்டவில்லை. "என் ஹார்ட் எவ்வளவு ஸ்ட்ராங்கு பாத்தியா" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நான் ஓடலாமா, கூடாதா?

— பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

இவ்வளவு பெரிய கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "உள்ளே கொஞ்சம் பவுடர்." அந்த வரிக்கு வந்ததும் சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினெட்டு வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். ஓடுகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள், மூட்டு வலிக்காக நடக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் என்று பலருக்கும் இந்த பெல்ட்டைக் கட்டிவிட்டிருக்கிறேன். பெல்ட் சரியில்லை என்று கொண்டு வருபவர்களில் பெரும்பாலோருக்கு பெல்ட் சரியாகத்தான் இருக்கும். காய்ந்த தோல், தளர்ந்த பட்டை, இடம் மாறிக் கட்டியது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். உங்களுடையது முதல் வகை. அதற்கு மேல் பவுடரும் சேர்ந்திருக்கிறது.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்பும் அதன் தசையில் மெல்லிய மின் அலை ஒன்று ஓடும். இ.சி.ஜி. எடுக்கும்போது தாளில் கூராக எழும் கோடு அதுதான். உங்கள் பெல்ட்டின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் உள்ள பொத்தானுக்கு இருபுறமும் வழவழப்பாக, ரப்பர் மாதிரி இரண்டு பட்டைகள் இருக்கும். அவை இரண்டும் மின்முனைகள். அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே எழுகிற மின் வேறுபாட்டை பெல்ட் பிடிக்கிறது. கூரிய கோடு ஒவ்வொன்றையும் எண்ணி உங்கள் போனுக்கு அனுப்புகிறது. ஆனால் தோலின் மேல் வந்து சேரும்போது அந்த மின் வேறுபாடு ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். டிவி ரிமோட்டில் போடும் சின்ன பேட்டரியே ஒன்றரை வோல்ட். காய்ந்த தோல் அந்தச் சொற்ப மின்சாரத்தையும் தடுத்து நிறுத்திவிடும். ஈரம் இருந்தால்தான், அதிலும் உப்பு கலந்த வியர்வை இருந்தால்தான், ஒழுங்காக வெளியே வரும்.

நீங்கள் அந்த இரண்டு பட்டைகளுக்கும் தோலுக்கும் நடுவே பவுடரைத் தூவிச் சுவர் எழுப்பிவிட்டீர்கள். இதயத்தின் சத்தம் கேட்காத பெல்ட், கேட்கிற வேறு சத்தத்தை எல்லாம் எண்ண ஆரம்பித்துவிடும். சுடிதார் டாப் உராய்வது, நெஞ்சுத் தசை அசைவது, துணியில் சேரும் நிலை மின்சாரம் எல்லாமே அதற்குத் துடிப்புதான். 190, 201 அப்படி வந்த கணக்கு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் வியர்வை ஊறிப் பவுடரை நனைத்துவிடுகிறது, சுவர் இடிகிறது, பெல்ட் உண்மையைச் சொல்லத் தொடங்குகிறது. ஆகவே அந்த 138 சரியான எண் என்பது என் கணிப்பு.

வாட்ச் விஷயம் வேறு. அது மின்சாரத்தைப் பார்ப்பதில்லை. அடியில் பச்சை விளக்கு மினுமினுப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஒளி தோலுக்குள் போய்த் திரும்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பாய்ந்து வரும்போது திரும்பும் ஒளி குறையும், வடியும்போது கூடும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வாட்ச் எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கும்போதும் இது நன்றாகவே வேலை செய்யும். எனவே நடையில் அது சொன்ன 110-ஐ நான் நம்புகிறேன். ஓடும்போது கை ஆடுகிறது, வாட்ச் மணிக்கட்டில் நழுவுகிறது, ஒவ்வொரு காலடிக்கும் ஒரு குலுக்கல். அப்போது ரத்தத்தின் தாளத்தை விட்டுவிட்டுக் காலடியின் தாளத்தைப் பிடித்துக்கொள்வது வாட்சுகளின் பழைய வியாதி. ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 166-க்குப் பக்கத்தில் வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதாவது முதல் பத்து நிமிடம் வாட்ச் சொல்வது சரி, பிறகு பெல்ட் சொல்வது சரி. "நெஞ்சு பெல்ட்தான் துல்லியம்" என்று உங்கள் மகன் சொன்னது பொய்யில்லை. அதைக் கட்டுகிற விதத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவது ஆளைக் கேட்க வேண்டும். அந்த மூன்றாவது ஆள் உங்கள் விரல். பெல்ட் 200 என்று கத்தும்போது நில்லுங்கள். இடது உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு இருப்பதால் எண்ணிக்கை குழம்பும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 27 வந்தால் 108. 50 வந்தால் 200. இந்த இரண்டையும் தவறாக எண்ணிவிட முடியாது. 27 நிதானமாகப் போகும், 50 எண்ணுவதற்குள் வாய் திணறும். நின்றதும் பல்ஸ் இறங்கத் தொடங்கிவிடும் என்பதால் உடனே எண்ணுங்கள். இதை வீட்டில் உட்கார்ந்தபடி நாலைந்து தடவை பழகிக்கொண்டால் பூங்காவில் தடுமாற மாட்டீர்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து மகன் வாங்கிய கருவியை, காசே இல்லாத கருவியால் சோதிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

விரல் 108 என்றால் ஓடுங்கள். ஆனால் விரலும் பெல்ட்டைப் போலவே 200 என்று சொன்னால்?

இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. "எல்லாம் பெல்ட் கோளாறுதான்" என்று ஒரேயடியாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சில வருடத்துக்கு முன் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். நன்றாக ஓடுகிறவர். பெல்ட் திடீர் திடீரென்று 190 காட்டுகிறது என்று சொல்லி இரண்டு பெல்ட் மாற்றிவிட்டார். மூன்றாவதை வாங்குவதற்கு முன் என்னைக் கேட்கலாம் என்று வந்திருந்தார். போனில் பதிவான கோட்டைக் காட்டச் சொன்னேன். ஈரம் இல்லாத பெல்ட்டின் கோடு ரம்பப் பல் மாதிரி மேலும் கீழும் குதிக்கும், அதுவும் ஓட்டத்தின் தொடக்கத்தில். இவருடைய கோடு அப்படி இல்லை. ஓட்டத்தின் நடுவில், நன்றாக வியர்த்த பிறகு, 128-லிருந்து ஒரே தாவலில் 190. அங்கே மேசை விளிம்பு மாதிரி நேராகப் போகிறது. அவர் நின்றுவிட்டார், இருந்தும் நான்கு நிமிடம் இறங்கவில்லை. பிறகு ஏறிய மாதிரியே ஒரே தாவலில் கீழே. "அந்த நேரத்தில் எப்படி இருந்தது?" என்றேன். "நெஞ்சுக்குள்ள புறா படபடன்னு அடிக்கிற மாதிரி" என்றார். இதய மருத்துவரிடம் அனுப்பினேன். இதயத்தின் மேல் அறைப் பக்கத்து மின் பாதையில் கோளாறு என்று கண்டுபிடித்து, சிகிச்சையும் கொடுத்தார்கள். இப்போதும் ஓடுகிறார். மூன்றாவது பெல்ட்டுக்கான காசு மிச்சம்.

நீங்கள் எழுதியது அந்த வகையாகத் தெரியவில்லை. உங்களுடையது தொடக்கத்தில் வருகிறது, வியர்த்ததும் போகிறது, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் விரலால் பார்த்து 150-க்கு மேல் இருந்து, நின்ற பிறகும் சில நிமிடம் இறங்கவே இல்லை என்றால் பதிவான கோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். கண் இருட்டுவது, நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ மேல் முதுகுக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் பெல்ட் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உட்காருங்கள், 108 ஆம்புலன்ஸுக்கு போன் செய்யுங்கள். அந்த நேரத்தில் பெல்ட் 90 என்று காட்டினாலும் அதற்கு மதிப்பில்லை. அது துடிப்பை எண்ணும் கருவி. ரத்தக் குழாய் அடைப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இனி கட்டும் விதம். கடையிலும் சொல்ல மாட்டார்கள், பெட்டியில் வரும் தாளிலும் பெண்களுக்கென்று சரியாக எழுதியிருக்க மாட்டார்கள். நானே ஆரம்பத்தில் தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். பெல்ட் மார்புக்கு நேராக அல்ல, மார்புக்குச் சற்றுக் கீழே, ஸ்போர்ட்ஸ் பிராவின் அடிப்பட்டைக்கு ஒட்டிக் கீழே விலா எலும்பின் மேல் படிய வேண்டும். சிலருக்கு பிராவின் அடிப்பட்டையே பெல்ட்டின் மேல் விளிம்பில் ஏறி அதைத் தூக்கிவிடும். அப்போது பெல்ட்டின் பாதி தோலிலும் பாதி துணியிலும் இருக்கும். கண்ணாடி முன் நின்று ஒருமுறை பாருங்கள். இரண்டு மின்முனையும் முழுக்கத் தோலில் படிந்திருக்க வேண்டும். இறுக்கம், ஒரு விரல் சிரமப்பட்டு நுழையும் அளவு. ஆழமாக மூச்சு இழுத்தால் உறுத்தக் கூடாது, குனிந்து நிமிர்ந்தால் நழுவவும் கூடாது. புது பெல்ட் முதல் மாதத்தில் கொஞ்சம் நீளும், அப்போது மறுபடி இறுக்குங்கள்.

கட்டும் முன் மின்முனைகளைக் குழாய்த் தண்ணீரில் நன்றாக நனைக்க வேண்டும். சும்மா விரலால் தொட்டு வைப்பது போதாது, சொட்டுகிற அளவு ஈரம் வேண்டும். தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்றால் மெடிக்கல் ஷாப்பில் இ.சி.ஜி. ஜெல் கிடைக்கும். ஒரு டியூப் பல மாதம் வரும். அவசரத்துக்கு எச்சில்கூடப் போதும், விளையாட்டுக்காரர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் இருந்தால் அன்றும் மறுநாளும் அந்த இடத்தை மட்டும் சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். பவுடர் போலத்தான் எண்ணெயும், லோஷனும்.

உராய்வுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். சிவப்பது பெரும்பாலும் பெல்ட்டின் மேல் விளிம்பிலும் முதுகுக் கொக்கியிலும்தான். அந்த ஓரங்களில் மட்டும் வாசலின் மெல்லத் தடவுங்கள், மின்முனைப் பக்கம் வரக் கூடாது. சிவந்த இடம் இரண்டு நாளுக்கு மேல் அரித்தாலோ கொப்பளம் வந்தாலோ அந்தப் பொருளே உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அப்படியானால் முழங்கைக்கு மேலே புஜத்தில் கட்டும் பட்டைக்கு மாறிவிடலாம். அதுவும் வாட்சைப் போல ஒளியால் பார்ப்பதுதான், ஆனால் புஜம் மணிக்கட்டு அளவுக்குக் குலுங்குவதில்லை.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொளதொளவென்ற பாலியஸ்டர் டாப் காற்றில் படபடத்தால் நிலை மின்சாரம் சேர்ந்து பெல்ட்டைக் குழப்பும், குறிப்பாகக் காற்று வறண்டிருக்கும் மாதங்களில். பக்கத்தில் திருப்பூரை வைத்துக்கொண்டு நல்ல பனியன் துணிக்கு உங்களுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. உடம்போடு ஒட்டியது போதும்.

பெல்ட் சரியான எண்ணைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சிக்கல் அந்த எண்ணுக்கு ஆப் பூசும் நிறத்தில் இருக்கிறது. துடிப்பு ஏற ஏற ஆப் அதை ஜோன் என்ற படிகளாகப் பிரிக்கும். 138-ல் ஓடும்போது "மூன்றாவது ஜோன்" என்று காட்டுகிறதா? காட்டியிருக்கும். ஆப் உங்கள் வயதை 220-லிருந்து கழித்து, அதிகபட்சத் துடிப்பு 174 என்று வைத்துக்கொள்கிறது. அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 104 முதல் 122 வரை, இரண்டாவது ஜோன். 139 வரை மூன்றாவது. பிறகு ஆரஞ்சு, சிவப்பு.

அந்த 220 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பாக்ஸ், ஹாஸ்கெல் என்ற ஆய்வாளர்கள் ஏற்கெனவே வெளிவந்திருந்த சில ஆய்வுகளின் புள்ளிகளை ஒரே தாளில் குறித்து, அவற்றின் நடுவே தோராயமாக இழுத்த ஒரு கோடு. இவ்வளவு வருடமாக உலகத்து ஜிம் சுவர்களில் எல்லாம் சட்டம் மாதிரி ஒட்டியிருப்பது அதுதான். 2001-ல் டனாகா என்பவர் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார். உங்கள் வயதுக்கு அது 176. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டே துடிப்பு. உங்கள் வயதில் எந்தச் சூத்திரம் என்பது பிரச்சினையே அல்ல. எந்தச் சூத்திரமானாலும் அது ஊர்ச் சராசரியைத்தான் சொல்லும், தனி ஆளைச் சொல்லாது. பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சர்வ சாதாரணம், அதற்கு மேல் விலகுகிறவர்களும் உண்டு. உங்கள் உண்மையான உச்சம் 160 ஆகவும் இருக்கலாம், 190 ஆகவும் இருக்கலாம். செருப்புக் கடையில் வயதைக் கேட்டு அளவு கொடுத்தால் எப்படியோ அப்படி.

இன்னொரு விஷயத்தையும் ஆப் கண்டுகொள்ளவில்லை. உங்கள் துடிப்பு பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, 72-ல் தொடங்குகிறது. 1957-ல் பின்லாந்தைச் சேர்ந்த கார்வோனென் காட்டிய கணக்கு இதுதான்: உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மீதியில் சதவீதம் போட்டு, மறுபடி ஓய்வுத் துடிப்பைக் கூட்டு. 176-ல் 72 போக 104. அதில் 60 சதவீதம் 62, கூட்டினால் 134. 70 சதவீதத்துக்கு 145. பார்த்தீர்களா? ஆப் மூன்றாவது ஜோனில் போடுகிற அதே 138, இந்தக் கணக்கில் நிதானமான ஓட்டம். அதே 60, 70 சதவீதம்தான், வித்தியாசம் எதிலிருந்து எடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. பல ஆப்களில் அமைப்புகளுக்குள் போனால் ஓய்வுத் துடிப்பைப் போட்டு இந்த முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மகனிடம் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.

இந்த பெல்ட்டின் பிறந்த வீடும் பின்லாந்துதான் என்பது ஒரு வேடிக்கை. பனிச்சறுக்கு வீரர்களின் துடிப்பைப் பயிற்சியின் நடுவிலேயே அறிய வேண்டும் என்று நினைத்த செப்போ சைனயாகங்காஸ் என்ற பேராசிரியர் 1977-ல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980-களின் தொடக்கத்தில், கம்பி இல்லாமல் நெஞ்சிலிருந்து மணிக்கட்டுக்குத் துடிப்பை அனுப்பும் கருவியைக் கொண்டு வந்தார்கள். பனிக் காட்டுக்குச் செய்ததைச் சித்திரை வெயிலில் கட்டிக்கொண்டு ஓடுகிறோம்.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. வைகாசியில் ஒருநாள் அதே பூங்கா, அதே வேகம், முதல் சுற்றில் 138, கடைசிச் சுற்றில் 152 என்று காட்டினால் பெல்ட்டையும் சந்தேகப்படாதீர்கள், உங்களையும் சந்தேகப்படாதீர்கள். உடம்பைக் குளிரவைக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் போகும் ரத்தம் குறைவதால் இதயம் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளிக்கிறது. அன்று எண்ணை 140-க்குள் வைத்திருக்க வேண்டுமானால் வேகத்தைக் குறையுங்கள், தேவையானால் நடங்கள். ஈரோட்டு வெயிலில் நடப்பது தோல்வி ஆகாது. இதே மாதிரி தூக்கம் கெட்ட மறுநாளும், காய்ச்சல் விட்ட வாரமும் எண் கூடும். உங்கள் வயதில் இன்னொன்றையும் பாருங்கள்: காலையில் எழுந்ததும் 72 இருப்பது வாரக்கணக்கில் 80, 85 என்று ஏறினால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் தாறுமாறாகும் வயதில் ரத்தசோகை சத்தமில்லாமல் வரும். பெண்கள் "வயசாச்சு, அதான் மூச்சு வாங்குது" என்று தள்ளிக்கொண்டே போவார்கள்.

எண்ணே வேண்டாம் என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஓடிக்கொண்டே நாலைந்து பெயரைத் தொடர்ந்து கூப்பிட முடிகிறதா? முடிந்தால் அது நிதானமான ஓட்டம். ஒவ்வொரு பெயருக்கும் மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் வேகம் கூடிவிட்டது. 10 கிலோமீட்டர் ஆசைக்கு உங்கள் ஓட்டத்தில் பெரும் பகுதி முதல் வகையில் இருக்க வேண்டும். எந்த எண் வரை பெயர் கூப்பிட முடிகிறது என்று நான்கைந்து நாள் பார்த்துக் குறித்து வையுங்கள். எந்தச் சூத்திரத்தையும்விட அதுதான் உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த எல்லை. ஆனால் குறுகிய வேக ஓட்டத்தில் பெல்ட்டைப் பார்க்காதீர்கள். இதயம் வேகத்துக்கு ஈடாக ஏற அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் உங்கள் ஓட்டமே முடிந்திருக்கும். எரிந்த கலோரி என்று அது காட்டுவதை வைத்து இரண்டு பஜ்ஜி கூடுதலாகச் சாப்பிடவும் வேண்டாம். அது வெறும் ஊகம்.

உங்கள் கணவருக்கு வருகிறேன். அவர் பெருமையைக் கெடுக்க மனசு வரவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் மெட்டோபுரோலால், அட்டெனோலால், பிசோபுரோலால் என்று "லால்" என முடியும் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த 112 அவர் இதயத்தின் பலத்தால் வந்ததல்ல, மாத்திரையால் வந்தது. பீட்டா பிளாக்கர் என்ற இந்த வகை மாத்திரைகள் துடிப்பு ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்து வைக்கும். அவருக்கு 220 கணக்கும் பொருந்தாது, கார்வோனென் கணக்கும் அப்படியே பொருந்தாது. ஆபத்து எங்கே என்றால், "இன்னும் 112-தானே" என்று எண்ணை ஏற்ற வேகத்தைக் கூட்டுவதில். மூச்சு வாங்க ஓடினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உடம்பு தன் எல்லையை மூச்சில் சொல்லிவிட்டது, பெல்ட்டில்தான் தெரியவில்லை. அவருக்கு, ஓடிக்கொண்டே பெயர் கூப்பிடும் அந்தப் பேச்சுச் சோதனை மட்டும் போதும். அம்லோடிபின், டெல்மிசார்ட்டன் போன்ற வேறு மாத்திரை என்றால் இந்த விளக்கம் பொருந்தாது. அப்போது மூச்சு வாங்கியும் துடிப்பு ஏறாததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எதுவானாலும் 54 வயதில், பிரஷரோடு, புதிதாக ஓட ஆரம்பிக்கும் முன் அவர் மருத்துவரிடம் கேட்டு ஒரு ட்ரெட்மில் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஓட்டத்துக்காக மாத்திரையைத் தானே நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஓட்டத்தைவிடப் பெரிய ஆபத்து.

அவர் உங்கள் பெல்ட்டைக் கட்டினால் உங்கள் பெயரில் பதிவாகிறது என்பதையும் கவனியுங்கள். மாதக் கடைசியில் சராசரி பார்க்கும்போது யாருடைய இதயம் எது என்று தெரியாது. பேஸ்மேக்கர் வைத்த உறவினர் யாராவது ஆசைப்பட்டுக் கேட்டால் மட்டும், அவர்கள் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு கொடுங்கள்.

கழுவுவது: ஓடி வந்ததும் நடுவில் உள்ள பொத்தானைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் ஈரப் பட்டையோடு விட்டால், யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து அது இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைத் தின்றுவிடும். பட்டையைப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை மென்மையான சோப்பு போதும். கம்போர்ட் மாதிரி துணி மென்மையாக்கிகள் வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். உப்பு படிந்து காய்ந்த பெல்ட் மூன்றே மாதத்தில் நாறும், பிறகு பவுடர் இல்லாமலே 201 காட்டும். அப்போது பேட்டரியை மாற்றிப் பாருங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் பட்டையை மட்டும் மாற்றுங்கள். பல பிராண்டுகளில் பட்டை தனியாகக் கிடைக்கும், பொத்தான் பல வருடம் உழைக்கும்.

ஓடலாமா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஓடலாம். போன வருட இ.சி.ஜி.யும் எக்கோவும் ஓய்வில் எடுத்தவை என்பதால், தூரத்தைக் கூட்டும் முன் உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாளைக் காலை பவுடர் இல்லாமல், நன்றாக நனைத்துக் கட்டி, வீட்டு வாசலிலேயே இரண்டு நிமிடம் நின்று எண் எண்பது தொண்ணூறில் அமர்ந்த பிறகு கிளம்புங்கள். ஐந்தாவது நிமிடம் ஒருமுறை, இருபதாவது நிமிடம் ஒருமுறை விரலால் எண்ணி, பெல்ட் எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒரு வாரக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். உங்கள் கணவரின் மாத்திரைப் பெயரையும் மறக்காமல்.